பாறையின் இருப்பு

வயது என்பது நம்மிடையே எப்போதும் ஒரு வாதமாகவே இருந்துவந்திருக்கிறது. ஒரு தகவலாக இருந்ததில்லை. பழையது என்று சொன்னால் போதும், உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டுவிட ஒரு கூட்டம் இருக்கிறது. புதியது என்று சொன்னால் போதும், உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டுவிட இன்னொரு கூட்டமும் இருக்கிறது. முன்னது மேடையிலும் பாடப்புத்தகத்திலும். பின்னது நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்கள் நடுவில். இரண்டும் ஓயாமல் சண்டையிடுவதால் எதிரெதிரானவை என்று தோன்றுகிறது. இரண்டும் செய்வது ஒரே காரியம்தான். ஒரு வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்து படைப்பின் தரத்தைக் கறந்துவிடப் பார்க்கின்றன. அந்த வருஷம் எப்படிக் கிடைத்தது, அது எதனுடைய வயது, எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை.

இந்தக் கேள்விகளையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாக எண்ணம். இலக்கியக்காரர் அல்ல. பெயர் தேவேந்திர லால். 1929ல் வாரணாசியில் பிறந்து, பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, பம்பாயிலும் அகமதாபாதிலும் கலிஃபோர்னியாவிலும் வேலை பார்த்து, 2012 டிசம்பரில் காலமானவர். ஒரு பாறை எத்தனை காலமாக வானத்துக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கிறது என்று கணக்கிடும் முறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர்.

நான் படித்தது பி.ஏ. ஆங்கிலம். பிழைப்பு ஒரு வங்கியில் குமாஸ்தா வேலை. லாலிடம் என்னைக் கொண்டுசேர்த்தவர் கல்லூரி ஒன்றில் நிலவியல் கற்பிக்கும் நண்பர். 1991ல் லால் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்றின் நகலைக் கொடுத்து, "படிச்சுப் பாருங்க சார், உங்க பாஷையிலதான் இருக்கு" என்றார். அவர் சொன்ன பாஷை ஆங்கிலம் அல்ல, வங்கி பாஷை என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்வெளியிலிருந்து அணுத்துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், அசாத்திய வேகத்தில் இடையறாமல் பூமியின் மேல் விழுந்துகொண்டிருக்கின்றன. 1912ல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரியர் பலூனில் ஏறிப் போய், உயரே செல்லச் செல்லக் கதிர்வீச்சு கூடுவதைப் பார்த்து, இது மண்ணிலிருந்து கிளம்புவதல்ல, மேலேயிருந்து வருவது என்று நிறுவினார். காஸ்மிக் கதிர் என்ற பெயர் பின்னால் வந்தது. நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 1 கிலோ காற்று நிற்கிறது. வரும் துகள்கள் அந்தக் காற்றிலேயே மோதி, உடைத்து, உடைந்து, பெரும்பாலும் செலவாகிவிடுகின்றன. அந்தச் சிதறலில் பிறந்த நியூட்ரான்களில் மிகச் சிறிய ஒரு பங்கு தரைவரை வந்து சேர்கிறது.

தரையில் ஒரு பாறை கிடக்கிறது. அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. நம் ஊர்க் காடுகளில் வெங்கச்சங்கல் என்று பொறுக்குவோமே, அதுதான். குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டுமே. வந்து விழும் நியூட்ரான் ஒன்று ஆக்சிஜன் அணுவின் கருவைத் தாக்கி உடைத்தால் எப்போதாவது பெரிலியம்-10 என்ற அணு மிஞ்சும். சிலிக்கானைத் தாக்கினால் அலுமினியம்-26. கடல்மட்டத்தில், துருவத்தை ஒட்டிய அட்சரேகைகளில், ஒரு கிராம் குவார்ட்ஸில் வருஷத்துக்குச் சுமார் 4 பெரிலியம்-10 அணுக்கள் உண்டாகின்றன. அந்த ஒரு கிராமில் உள்ள மொத்த அணுக்களை எழுத வேண்டுமானால் 3 போட்டு அதன் பின்னால் 22 சைபர் போட வேண்டும். அதற்குள் வருஷத்துக்கு நாலு. மலை உச்சியில் காற்று குறைவு. அங்கே வரவு பல மடங்கு கூடும். பூமத்தியரேகையை நெருங்கினால் பூமியின் காந்தப்புலம் துகள்களைத் திருப்பிவிடுவதால் வரவு குறையும்.

பாறைக்குள் கொஞ்சம் இறங்கினாலும் வரவு சரிந்துவிடுகிறது. மேற்பரப்பிலிருந்து 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்; 3 மீட்டரில் அநேகமாக இல்லை. ஆழத்தில் புதைந்து கிடக்கும் பாறையின் கணக்கில் சைபர்தான். ஒரு பனியாறு மேலே கிடந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு போனாலோ, மலைச்சரிவு பிளந்துகொண்டாலோ, விண்கல் விழுந்து உட்பாறையை வெளியே வீசினாலோ, அன்றைக்குக் கணக்கு திறக்கிறது. அரிசோனாவில் விண்கல் விழுந்த பெரும்பள்ளம் சுமார் 50,000 வருஷம் பழையது என்பதை 1991ல் இவ்விதம்தான் உறுதிசெய்தார்கள்.

இது பாறை பிறந்த தேதி அல்ல. தென்னிந்தியக் கருங்கல்லில் பல 200 கோடி வருஷத்துக்கும் மூத்தவை. அவற்றில் ஒன்று நேற்று வெட்டவெளிக்கு வந்திருக்கலாம். இந்த முறை சொல்வது, வெளிப்பட்டு எவ்வளவு காலம் என்பதைத்தான்.

லாலின் வாழ்க்கையில் எனக்கு முதலில் சுவாரஸ்யமாகப் பட்டது அதன் வரிசை. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்கிறார். ஹோமி பாபா அதை ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். அங்கே 1951ல் பெர்னார்ட் பீட்டர்ஸ் வந்து சேர்கிறார். பீட்டர்ஸின் கதை தனிக் கதை. நாஜிகளின் டாஹாவ் முகாமில் அடைபட்டு மீண்டு அமெரிக்கா போய், ஓப்பன்ஹைமரிடம் பௌதிகம் பயின்றவர். 1949ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்றின் முன் ஓப்பன்ஹைமரே அவரைப் பற்றி அளித்த சாட்சியம் பத்திரிகையில் கசிந்து, கம்யூனிஸ்ட் என்ற முத்திரை விழுந்து, அந்த நாட்டில் இருக்க முடியாமல் போனவர். ஒரு தேசத்தின் சந்தேகம் இன்னொரு தேசத்துக்கு ஒரு விஞ்ஞானத் துறையைக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

பீட்டர்ஸும் லாலும் மற்ற இளைஞர்களும் செய்தது இது. பிரத்யேகமாகத் தயாரித்த தடித்த புகைப்படத் தகடுகளைப் பலூன்களில் கட்டி உயரே அனுப்புவார்கள். காஸ்மிக் துகள் ஒன்று தகட்டுக்குள் ஒரு அணுக்கருவை உடைத்தால் சிதறல்கள் ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் கோடுகளாகப் பதியும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நட்சத்திரம். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தகட்டை நகர்த்தி நகர்த்தி நட்சத்திரங்களை எண்ண வேண்டும். எந்த உயரத்தில் எத்தனை, எந்த அட்சரேகையில் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிளை. வருஷக்கணக்காக எண்ணினார்கள். ஒரு இடத்தில் எத்தனை அணு உடைகிறது என்று தெரிந்தால், அங்கே எத்தனை பெரிலியம் பிறக்கும் என்று சொல்லிவிடலாம்.

1957ல் பம்பாய்க் குழு ஆழ்கடல் வண்டலில் பெரிலியம்-10 இருப்பதைக் காட்டியது. ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆர்னால்ட் தனியாக அதையே கண்டிருந்தார். பின்னாளில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். 1960ல் லாலும் அமெரிக்கக் கூட்டாளிகளும் கடற்பஞ்சுகளின் சிலிக்கா எலும்புகளிலிருந்து சிலிக்கான்-32 என்ற இன்னொரு அணுவைக் கண்டெடுத்தார்கள். 1967ல் பீட்டர்ஸும் லாலும் சேர்ந்து ஒரு ஜெர்மானியக் கலைக்களஞ்சிய வரிசைக்குக் காஸ்மிக் கதிர் பூமியில் உண்டாக்கும் அணுக்களைப் பற்றி நீண்ட அத்தியாயம் ஒன்று எழுதினார்கள். எந்த உயரத்தில், எந்த அட்சரேகையில், எந்த அணு எத்தனை என்ற அட்டவணைகள். ஒரு பேரேடு, சுருக்கமாக.

பேரேடு தயார். கணக்குப் பார்க்க வழியில்லை. காரணம் எளிமையானது. அந்த நாளில் கதிரியக்க அணுவை எண்ண வேண்டுமானால் அது சிதையும்வரை கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரிலியம்-10ன் அரையாயுள் சுமார் 13.9 லட்சம் வருஷம். ஒரு பாறைத்துண்டில் 10 லட்சம் அணு இருந்தாலும் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு ஒன்று சிதையும். ரேமண்ட் டேவிஸும் ஷேஃபரும் 1955லேயே ஒரு பாறையில் குளோரின்-36ஐ இவ்விதம் அளந்து காட்டினார்கள். ஆனால் அதற்குமேல் அந்தப் பாதையில் யாராலும் அதிக தூரம் போக முடியவில்லை.

1977ஐ ஒட்டித்தான், சிதையும்வரை காத்திராமல் அணுக்களையே நேராக எண்ணலாம் என்ற யோசனை பலித்தது. அணுக்கரு ஆராய்ச்சிக்கு வைத்திருந்த துகள்முடுக்கிகளை எடையிடும் தராசாக மாற்றினார்கள். பாறையின் மேல்பரப்பில் சில சென்டிமீட்டரை உளியால் பெயர்த்து, பொடித்து, அமிலங்களில் ஊறவைத்து, குவார்ட்ஸ் தவிர மற்றதையெல்லாம் போக்கி, கடைசியில் குவார்ட்ஸையும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கரைத்து, அளவு தெரிந்த சாதாரண பெரிலியத்தை அதில் சேர்த்து முடுக்கியில் வைத்தால், பத்து லட்சம் கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதைக்கூட எண்ணிவிடலாம். 1986ல் நிஷிஇசுமி, லால், ஆர்னால்ட் முதலானோர் பாறைக்குள்ளேயே பிறந்த பெரிலியத்தையும் அலுமினியத்தையும் அளந்து, தேய்மானத்தை அதிலிருந்து கணிக்கலாம் என்று காட்டினார்கள். 1991ல் லால் தனியாக எழுதிய கட்டுரை அந்தத் துறைக்கே கணக்குமுறையைக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 62. அதில் அவர் பயன்படுத்திய உயர, அட்சரேகை விகிதங்களுக்கு ஆதாரம், இளமையில் பம்பாயில் அவரும் மற்றவர்களும் எண்ணிய நட்சத்திரங்கள்.

முப்பது வருஷம் காத்திருந்தார் என்று இதை உருக்கமான கதையாக்கிவிடலாம். நம் கூட்டத்தில் அந்தச் சுவைக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. புரிந்துகொள்ளப்படாத கலைஞன், வரப்போகும் வாசகன் இத்யாதி. லால் காத்திருக்கவில்லை. அந்த வருஷங்களில் விண்கற்களை ஆராய்ந்தார். அப்பல்லோ கொண்டுவந்த சந்திரக் கற்களை ஆராய்ந்தார். கடல்நீர் எப்படிச் சுழல்கிறது என்று பார்த்தார். 1972லிருந்து 1983வரை அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக நிர்வாகமும் செய்தார். பேரேடு சரியாக இருந்தது. அதனால் யாருக்காகவும் அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை. கவனிக்க வேண்டியது அவருடைய பொறுமை அல்ல, இந்தச் சரிதான்.

இனி 1991 கட்டுரைக்கு வருகிறேன். என் நண்பர் குறிப்பிட்ட பாஷை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வாடிக்கையாளர் பாஸ்புத்தகத்தை நீட்டுகிறார். இருப்பு 2,000 ரூபாய். போன வாரம் கணக்குத் திறந்து 2,000 போட்டவராக இருக்கலாம். இருபது வருஷமாக மாதாமாதம் சம்பளம் வந்து, மாதாமாதம் எடுத்துச் செலவழித்து, இன்றைய தேதிக்கு 2,000 மிஞ்சியவராகவும் இருக்கலாம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு முந்தைய பக்கங்கள் உண்டு; கணினியில் தட்டினால் வரவும் பற்றும் வரிசையாக வரும். பாறைக்கு முந்தைய பக்கங்கள் கிடையாது. கடைசி இருப்பு மட்டும்தான்.

வரவு காஸ்மிக் கதிர். பற்று இரண்டு வகை. ஒன்று, அணுக்கள் தாமாகச் சிதைவது. இது மெதுவான பிடித்தம். இன்னொன்று பெரியது: தேய்மானம். மழையும் காற்றும் வெயிலும் பாறையின் மேல்தோலை மணலாக்கிக் கொண்டுபோகின்றன. அதிக இருப்பு உள்ளது மேல்தோலில்தான். அது போக, குறைந்த இருப்புள்ள அடுத்த அடுக்கு மேலே வருகிறது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராமில் 2 லட்சம் பெரிலியம் அணு இருக்கிறது. வரவு வருஷத்துக்கு 4. பாறை தேயவே இல்லை என்று வைத்துக்கொண்டால் அது வெளிப்பட்டு 50,000 வருஷம். ஆயிரம் வருஷத்துக்கு 12 மில்லிமீட்டர் வீதம் ஓயாமல் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால், அது எத்தனையோ லட்சம் வருஷமாக வெளியே கிடந்திருந்தாலும் இருப்பு அதே 2 லட்சம்தான். இளமையும் தேய்வும் ஒரே எண்ணைக் கொடுக்கின்றன. லாலின் சமன்பாடு இதை மறைப்பதில்லை. தேய்மான வீதம் என்ற உறுப்பை நட்டநடுவில் நிறுத்திவைத்திருக்கிறது. அதற்கு ஒரு மதிப்பைச் சொல்லாமல் யாரும் வயதைப் பெற முடியாது. தேய்மானம் இல்லை என்று கொண்டு போட்ட கணக்கை அந்தத் துறையில் 'குறைந்தபட்ச வயது' என்றே எழுதுகிறார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. தேய்கிற பாறைக்கு ஞாபகத்தின் எல்லை உண்டு. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தேய எத்தனை காலமாகுமோ அத்தனை காலம்தான் அதன் ஞாபகம். ஆயிரம் வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் தேயும் பாறை 6 லட்சம் வருஷத்தை நினைவில் வைத்திருக்கும். 10 மில்லிமீட்டர் தேய்ந்தால் 60,000 வருஷம்தான். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் மணலாகக் கடலுக்குப் போய்விட்டது.

அப்படியானால் இளமையையும் தேய்வையும் எப்படிப் பிரிப்பது? இரண்டாவது சாட்சி ஒன்றை அழைக்க வேண்டும். அலுமினியம்-26 அதே குவார்ட்ஸில் பிறக்கிறது. பெரிலியம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஏழு. ஆனால் அதன் அரையாயுள் சுமார் 7 லட்சம் வருஷம், பாதிதான். இரண்டு கணக்கும் ஒரே நாளில் திறந்து, ஒரே தேய்மானத்துக்கு ஆளாகி, வேறு வேறு வேகத்தில் கரைகின்றன. விகிதத்தைப் பார்த்தால், தேயாமல் நெடுங்காலம் கிடந்ததற்கும் தேய்ந்துகொண்டே கிடந்ததற்கும் ஒரு சிறு வித்தியாசம் தெரியும். வரைபடத்தில் அந்த இரண்டு நிலைகளின் கோடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பரப்பு விழுகிறது. தீவு என்றே அதற்குப் பெயர். அளந்த புள்ளி தீவுக்குள் விழுந்தால் சரி. தீவுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பாறை நடுவில் எப்போதோ புதைந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது சாட்சியும் எல்லாக் கேள்விக்கும் வாய் திறப்பதில்லை. 50,000 வருஷம் என்பது இந்த இரண்டு அணுக்களுக்கும் ஒரு கண்சிமிட்டல். அதற்குள் விகிதம் நகர்ந்திருக்காது. நான் போட்ட உதாரணத்தில் அலுமினியம் உதவாது. அங்கே ஆராய்ச்சியாளன் பாறையின் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். பனியாறு தேய்த்த பளபளப்பு இன்னும் இருக்கிறதா? அதன் கீறல்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் தேய்மானம் இல்லை. 50,000 என்ற வயதை நம்பலாம். பல கோடி ரூபாய் முடுக்கி கொடுத்த எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது கடைசியில் ஒரு ஜோடிக் கண்கள். நம் விமர்சனத்தில் ரசனையா, முறையா என்று பல வருஷமாக நடக்கும் தகராறில் இரு தரப்பும் இதை யோசிக்கலாம்.

இந்தத் துறையின் இன்னொரு பழக்கம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. 1989ல் நிஷிஇசுமியும் கூட்டாளிகளும் சியெரா நெவாடா மலையில் பனியாறு மெருகிட்ட பாறைகளை வைத்து வரவு வீதத்தை நிர்ணயித்தார்கள்: வருஷத்துக்குச் சுமார் 6 அணு. பனியாறு அங்கிருந்து விலகி 11,000 வருஷம் ஆயிற்று என்று கொண்டு போட்ட கணக்கு. பனியாறு அதற்குச் சில ஆயிரம் வருஷம் முன்பே விலகிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. பெரிலியத்தின் அரையாயுளும் 15 லட்சத்திலிருந்து 13.9 லட்சமாகத் திருத்தப்பட்டது. பல திருத்தங்களுக்குப் பிறகு வீதம் இன்று சுமார் 4ல் நிற்கிறது. வீதம் மாறினால் அச்சான எல்லா வயதும் மாற வேண்டும். மாறின. மாற முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கட்டுரையும் வயதை மட்டும் அச்சிடாமல், கல் எடுத்த இடம், உயரம், கல்லின் தடிமன், சுற்றியுள்ள மலை வானத்தை எவ்வளவு மறைக்கிறது, எந்த அளவுகோலோடு ஒப்பிட்டு எண்ணினார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து அச்சிட்டதுதான். வேறொருவன் பின்னால் வந்து அந்த வயதை அழித்துவிட்டு மறுபடி போட என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் அங்கேயே இருக்கிறது. நம் விமர்சனக் கட்டுரைகளில் முடிவுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் திருத்துவதற்கு வேண்டிய தகவல் ஒன்றுகூட இருப்பதில்லை. அதனால் அவற்றை ஒன்று நம்ப வேண்டும், அல்லது வசைபாட வேண்டும். நடுவே செய்வதற்கு ஒன்றுமில்லை.

இந்த முறை தமிழர் வாழும் நிலங்களைத் தொட்ட இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கொசஸ்தலையாற்றுப் பக்கம், அதிரம்பாக்கம். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்டெடுத்த இடம். அங்கே பல வருஷம் அகழ்ந்த சாந்தி பப்புவும் அவருடைய குழுவும் 2011ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருவிகள் குவார்ட்ஸைட் கல்லால் ஆனவை. மண்ணில் ஆழமாகப் புதைந்ததும் வரவு நின்றுவிட்டது. அலுமினியம் சீக்கிரமும் பெரிலியம் மெதுவாகவும் கரைந்துகொண்டிருந்தன. விகிதத்தைக் கொண்டு புதைந்த காலத்தைக் கணக்கிட்டதில் சராசரியாகச் சுமார் 15 லட்சம் வருஷம் வந்தது. மண்ணின் காந்தத் திசையைக் கொண்டு பார்த்ததில் 10.7 லட்சத்துக்குக் குறையாது என்றும் தெரிந்தது. இங்கேயும் இரண்டு சாட்சிகள். இந்த எண்ணை மேடையில் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதை ஊகிக்கலாம். நம் மனித இனத்துக்கே வயது சுமார் 3 லட்சம் வருஷம்தான். அந்தக் கைக்கோடரியைச் செதுக்கிய கை, நாம் தமிழன் என்றோ வேறெதுவென்றோ பெயர் சூட்டக்கூடிய யாருடையதும் அல்ல. அந்த எண் நம் பெருமைக்கு ஒரு பைசா வரவு வைப்பதில்லை. அதைப் பார்த்து வியக்க அது தடையும் அல்ல.

இரண்டாவது, இலங்கையின் மலைநாடு. ஆற்றில் ஒரு பிடி மணல் எடுத்தால், அது அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலிருந்தும் வந்த மணிகளின் கலவை. அதிலுள்ள பெரிலியம், அந்த மலைகள் பல்லாயிரம் வருஷமாகச் சராசரியில் என்ன வேகத்தில் தேய்ந்தன என்று சொல்லிவிடும். மேல் மகாவலிப் பகுதியில் அப்படி அளந்து 2003ல் வெளியிட்டார்கள். அத்தனை மழை பெய்யும் அத்தனை செங்குத்தான மலை, காடு மூடியிருந்த காலத்தில் ஆச்சரியப்படும்படி மெதுவாகத்தான் தேய்ந்திருக்கிறது. இன்று விளைநிலங்களிலிருந்து மண் போகும் வேகம் அதைப் போல் பல மடங்கு. காட்டை அழித்துக் காப்பியும் பிறகு தேயிலையும் போட்டது 19ம் நூற்றாண்டில். அந்தக் காட்டை வெட்டவும் அந்தச் சரிவுகளில் நிரை பிடிக்கவும் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள் இங்கிருந்து போனவர்கள். அவர்களுடைய உழைப்புக்குத் துரைமார் வைத்திருந்த கணக்கு பிரட்டுப் புத்தகங்களில் இருந்தது. அந்த மலைக்கு நேர்ந்ததன் கணக்கு மகாவலி மணலில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் இப்போது எழுதுவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு கவிஞர் இருந்தார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அண்ணாச்சி. போன வருஷம் காலமானார். அச்சில் வந்தவையும் கையெழுத்தில் கிடைத்தவையுமாக மொத்தம் 31 கவிதைகள். நண்பர்கள் மூன்று பேர் தொகுப்புக்கு ஏற்பாடு செய்கிறார்கள். முன்னுரை என் தலையில். ஒரு நண்பர் சொல்கிறார்: அண்ணாச்சி நாற்பதுக்கு மேல் எழுத வந்தவர், முதல் கவிதை அச்சானது அப்போதுதான், கொஞ்சம் எழுதினார், அவ்வளவுதான். இன்னொருவர் சொல்கிறார்: அவர் கல்லூரி நாளிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தவர், இந்த 31 நாற்பது வருஷத்தின் மிச்சம். தாமதமாக வந்தவருக்கு ஒரு ஸ்தானம். தேய்த்துத் தேய்த்து மிச்சம் வைத்தவருக்கு வேறொரு ஸ்தானம். இரண்டு பேர் கையிலும் இருக்கும் எண் ஒன்றுதான்: 31.

அண்ணாச்சி வீட்டு மதினியிடம் கேட்டேன். "கல்யாணமாகி வந்த வருசமே பாத்தேன். வருசத்துக்கு ஒரு நோட்டாவது வெந்நி அடுப்புக்குப் போயிரும். ஏன்னு கேட்டா, சும்மா இருன்னுதான் சொல்லுவாக. நானும் தண்ணி காய்ஞ்சாச் சரின்னு விட்டுட்டேன்" என்றாள். கல்யாணத்தின்போது அண்ணாச்சிக்கு 27 வயது. இது இரண்டாவது சாட்சி. எரிந்தது என்ன என்று அது சொல்லாது. எரிந்துகொண்டே இருந்தது என்று சொல்கிறது. மூன்றாவதாகக் கவிதைகளையே பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் அச்சான கவிதையில் ஒரு ஆரம்பக்காரனின் சொல் ஒன்றுகூட இல்லை. எங்கோ வழித்தெடுத்த பரப்பு அது. பளபளப்பும் இருக்கிறது, கீறலும் இருக்கிறது.

ஒவ்வொரு கவிதைக்கும் கீழே எழுதிய வருஷத்தைப் போட வேண்டும், தெரியாததை ஊகித்தாவது போட்டுவிட வேண்டும் என்று நண்பர்கள் கட்டாயப்படுத்துகிறார்கள்; இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் அண்ணாச்சியை எந்தத் தலைமுறையிலும் சேர்க்கமாட்டார்கள் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். நான் எழுதும் முன்னுரையில் அப்படிப் போடுவதாக இல்லை. பத்திரிகையில் வெளிவந்த மாதமும் வருஷமும் மட்டும் போடப்போகிறேன். அது வெளிப்பட்ட தேதி, எழுதிய தேதி அல்ல என்ற குறிப்போடு. மதினி சொன்னதை அவள் சொன்னபடியே போடுகிறேன். அதன் பேரில் நான் கொண்டிருக்கும் அனுமானத்தைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: இவர் நெடுங்காலம் வெளியே நின்று தேய்ந்தவர், இந்த 31 ஒரு குறைந்தபட்சம்.

கையெழுத்துப் பிரதிகள் எவை, யார் வீட்டிலிருந்து வந்தன, எந்த மையில், எந்தக் காகிதத்தில் என்று ஒரு பட்டியலும் சேர்க்கிறேன். முன்னுரையின் நடையை அது கெடுக்கும் என்கிறார்கள். கெடுக்கட்டும். அடுப்புக்குத் தப்பிய நோட்டு ஒன்று யார் வீட்டுப் பரணிலிருந்தாவது கிடைத்தால், அன்றைக்கு யாராவது என் அனுமானத்தை அடித்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.